மூன்று வாரத்துக்கு முந்திய புண்



நோய்கள் பெரும்பாலும் தம் வருகையை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் வருகின்றன. காய்ச்சல் வருமுன் உடம்பு நோகின்றது. அம்மை வார்க்குமுன் உடல் கொதிக்கின்றது. ஆனால் முதலில் வந்த நோய் விடைபெற்றுப் போய், வீட்டாரும் அதை மறந்துவிட்ட பின்னர், அதன் விளைவு உடலின் வேறொரு பகுதியில் வந்து தலைகாட்டும் விந்தையும் உண்டு. காலில் இருந்த சிரங்கு ஆறி, பொருக்கு உதிர்ந்து, தழும்பு மட்டும் நிற்கின்றது. அப்போது சிறுநீரகம் வீங்குகின்றது. தொண்டைக்கும் சிறுநீரகத்துக்கும், முழங்காலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு என்று நாம் கேட்கலாம். அந்த உறவை அறியாமையால்தான் நம் இல்லங்கள் சில, வராமலே போயிருக்கக்கூடிய துன்பங்களை அனுபவிக்கின்றன.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வாழும் நம் குடும்பங்களின் அன்றாட வாழ்வை எண்ணிப் பாருங்கள். தந்தை டேனரியில் தோல் நனைக்கும் பிரிவிலோ ஏற்றுமதிக் கிடங்கிலோ வேலை செய்கின்றார். தாய் பொழுது விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறி ஷூ கம்பெனிக்குச் சென்றால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வீடு திரும்புகின்றார். பாட்டிதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கின்றார். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்குக் கணுக்காலில் சிரங்கு. சொறிந்து சொறிந்து சீழ் வைத்துவிட்டது. பாட்டி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுகின்றார். பத்து நாளில் புண் உலர்ந்துவிடுகின்றது. அத்தோடு அக்கதை முடிந்தது என்று எல்லாரும் நினைக்கின்றனர்.

பின்னர் ஒரு நாள் காலையில் பிள்ளை கண் விழிக்கும்போது இமைகள் தடித்திருக்கின்றன. மாலைக்குள் அது வடிந்துவிடுவதால் வேலையிலிருந்து திரும்பும் தாயின் கண்ணில் அது படுவதில்லை. பூச்சி ஏதேனும் கடித்திருக்கும் என்று பாட்டி கருதுகின்றார். கன்னம் உப்பியிருப்பதைக் கண்டு, இப்போதுதான் பிள்ளைக்குச் சதை பிடிக்கின்றது என்று மகிழ்வாரும் உண்டு! சிறுநீர் குறைகின்றது, அதன் நிறம் பால் ஊற்றாத தேநீர் டிக்காஷனைப் போலவோ, இறைச்சி கழுவிய தண்ணீரைப் போலவோ இருக்கின்றது. பிள்ளையோ பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் தான் கண்டதை வீட்டில் வந்து சொல்வதில்லை. தலைவலிக்கின்றது என்கின்றது, வாந்தி எடுக்கின்றது. பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுக்கின்றனர். இரண்டு நாள் கழித்து, இரவில், பிள்ளைக்கு வலிப்பு வருகின்றது.

இது எந்த ஒரு வீட்டின் கதையும் அன்று. மருத்துவ நூல்கள் வரிசைப்படுத்திக் கூறும் அடையாளங்களை நம் ஊர் வீடொன்றில் வைத்துக் காட்டினேன், அவ்வளவே. அந்த வலிப்புக்குக் காரணம் மூளையில் தோன்றிய தனி நோய் அன்று. சிறுநீர் பிரியாமல் உப்பும் நீரும் உடலிலேயே தங்கி, இரத்த அழுத்தம் மளமளவென்று ஏறியதன் விளைவு அது. சிறு பிள்ளைக்கும் இரத்த அழுத்தம் வருமா என்று வியக்கின்றோம். அந்த வியப்பே இந்நோயில் பேராபத்து. கண்ணிமை வீங்கிய முதல் நாளே, சிறுவர்க்கு உரிய சிறிய பட்டையைக் கையில் சுற்றி யாரேனும் அழுத்தம் பார்த்திருந்தால், அந்த இரவு வந்திராது.

கிருமி போன பின்னும்

இந்நோயைச் சிறுநீரக அழற்சி என்பர். மருத்துவர்கள் நெஃப்ரைட்டிஸ் என்று குறிப்பிடுவர். சிறுநீரக அழற்சி பலவகைப்படும். நாம் இங்கே பேசுவது தொற்றைத் தொடர்ந்து வரும் அழற்சியைப் பற்றி. தொண்டைப் புண்ணையும் சீழ்ச் சிரங்கையும் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியே இதற்குத் தலையாய மூலம். நுண்ணோக்கியில் பார்த்தால் மணிகள் கோத்த மாலைபோல் காணப்படும் கிருமி அது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் பந்துபோல் சுருண்ட ஒரு முடிச்சு. நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் இவ்வடிகட்டிகளின் வழியே வடிந்து, அதில் ஏறத்தாழ முழுவதையும் உடல் திரும்ப எடுத்துக்கொள்ள, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகின்றது. இது வளர்ந்தவர்களின் கணக்கு.

கிருமி காலிலோ தொண்டையிலோ நுழைந்தவுடன் உடல் அதற்கு எதிராக ஒருவகைப் புரதங்களை ஆக்குகின்றது. எதிர்ப்பொருள் என்று இவற்றை அழைக்கின்றோம். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, அந்தந்தக் கிருமியின் அந்தந்தப் பகுதியை மட்டுமே பற்றிக்கொள்ளும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. இவ்வாறு போதிய எதிர்ப்பொருள் உருவாவதற்குச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை பிடிக்கின்றது. அதற்குள் கிருமி சிதறவிட்ட புரதத் துணுக்குகள் இரத்தத்தில் கலந்து, அவற்றுள் சில அந்த வடிகட்டிகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பின்னால் வரும் எதிர்ப்பொருள், பகைவன் அங்கே இருக்கின்றான் என்று எண்ணி அங்கேயே சென்று பற்றுகின்றது. கிருமித் துணுக்கும் எதிர்ப்பொருளும் பிணைந்த கட்டிகள் வடிகட்டியின் சுவரில் படிகின்றன. இரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்னும் துணைப் புரதங்கள் அவ்விடத்தில் தூண்டப்படுகின்றன. வெள்ளணுக்கள் கூட்டமாய் வந்து குவிகின்றன. வீங்கிய வடிகட்டியில் நீர் வடிவதில்லை. கிழிந்த இடங்களில் செவ்வணுக்களும் புரதமும் கசிகின்றன.

ஆக, சிறுநீரகத்தைத் தாக்குவது கிருமி நேரே அன்று. நம்மைக் காக்க எழுந்த படையே. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த சிறு துணுக்கை ஒளிரும் சாயமிட்டு நோக்கும் மருத்துவர்கள், அந்தப் படிவுகள் இருட்டில் இறைந்த விண்மீன்கள்போல் மின்னுவதைக் காண்கின்றனர். மருத்துவ நூல்களிலேயே அதற்கு ‘விண்மீன் வானம்’ என்ற பொருளுடைய பெயர் வழங்குகின்றது. எவ்வளவு அழகிய பெயர், எவ்வளவு துயரமான காட்சிக்கு!

தொண்டைப் புண்ணுக்குப் பின் இந்நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். தோல் புண்ணுக்குப் பின் மூன்று வாரத்துக்கு மேலும் ஆகலாம். இந்த இடைவெளியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மருத்துவர், “இதற்கு முன் பிள்ளைக்கு என்ன இருந்தது?” என்று கேட்கும்போது, பெற்றோர் நேற்றையும் முந்தைய நாளையும் நினைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகின்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முந்திய சிரங்கை யார் நினைவில் வைத்திருப்பார்?

இந்த இடைவெளியை மருத்துவ உலகம் கண்டுகொண்ட வரலாறு சுவையானது. இலண்டனில் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர், ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து நலமடைந்த சிறுவர்க்குச் சுமார் மூன்று வாரம் கழித்து உடல் வீங்குவதையும், சிறுநீரில் இரத்தம் கலந்து வருவதையும் 1812இல் எழுதிவைத்தார். அதே நகரில் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட், வீங்கிய நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். முட்டையின் வெண்கரு போல அது திரிந்தால் புரதம் கசிகின்றது என்று பொருள், கோளாறு சிறுநீரகத்தில். 1827இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின், நூறு ஆண்டுக்கும் மேலாகச் சிறுநீரக நோய்க்கே ‘பிரைட் நோய்’ என்ற பெயர் வழங்கி வந்தது.

ஆனால் ஏன் மூன்று வாரம் என்ற கேள்விக்கு விடை வியன்னாவிலிருந்து வந்தது. கிளமென்ஸ் ஃபான் பிர்க்கே என்பவர் முதலில் இறையியல் பயின்று, பின்னர் மருத்துவத்துக்கு மாறியவர். (இழப்பு எங்கள் தரப்புக்கு, ஆதாயம் குழந்தைகளுக்கு.) தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை ஊசியாகப் போடுவது அக்கால வழக்கம். ஊசி போட்ட எட்டாம் நாள், பத்தாம் நாள், சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வீக்கமும் வந்தன. அந்த மருந்தில் கிருமியே இல்லை. அப்படியானால் நோய் எங்கிருந்து வந்தது? உடலே அந்த அயற்பொருளுக்கு எதிராக ஒன்றை உருவாக்குகின்றது. அதற்கு நாள் பிடிக்கின்றது. இரண்டும் சந்திக்கும்போது நோய் பிறக்கின்றது என்று பிர்க்கேயும் அவருடைய நண்பர் பேலா ஷிக்கும் 1905இல் விளக்கினர். ‘அலர்ஜி’ என்று இன்று எல்லாரும் சொல்கின்றோமே, அச்சொல்லை 1906இல் ஆக்கியவர் இதே பிர்க்கேதான்.

கரும்புத் தோட்டத் தீவுகளில்

மேல்நாடுகளில் தொண்டைப் புண்ணே இந்நோய்க்கு முதற்காரணம். வெப்ப நாடுகளிலோ தோல் புண்ணுக்குப் பங்கு அதிகம். இதை நன்கு உணர்த்தியது மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியரின் வழிவந்தோர் திரளாக வாழும் தென் டிரினிடாடில், 1960களில் சிறுநீரக அழற்சி அலை அலையாக வந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தாக்கியது. சான் ஃபெர்னாண்டோ நகர மருத்துவமனையில் தியோ பூன்-கிங் என்னும் மருத்துவர் இதை ஆராய்ந்தார். பிள்ளைகளின் கால்களில் சீழ்ச் சிரங்கு, அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 1971இல் சொறி அங்கே பெருவாரியாகப் பரவியபோது, அதன் பின்னே சிறுநீரக அழற்சியும் வந்தது. சொறியை உண்டாக்குவது ஒரு சிற்றுண்ணி. அது சிறுநீரகத்துக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அரிப்பு தாங்காமல் நகத்தால் கீறும்போது தோல் திறக்கின்றது. திறந்த கதவின் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுழைகின்றது.

டிரினிடாட் தந்த நற்செய்தி ஒன்றும் உண்டு. நோயுற்ற பிள்ளைகளை 12 முதல் 17 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்ததில், மிகப் பெரும்பாலோர் முழு நலத்துடன் வளர்ந்திருந்தனர். எனினும், ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் நெருக்கடியும் வறுமையும் மிக்க ஆதிக்குடிச் சிற்றூர் ஒன்றில், இளமையில் இந்நோய் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரில் புரதம் கசியும் கோளாறு மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. ஒரே நோய், இரண்டு இடங்களில் இரண்டு முடிவுகள். பட்டினியும் மீண்டும் மீண்டும் வரும் தொற்றுகளும் இந்த வேறுபாட்டில் பங்கு கொண்டிருக்கக்கூடும்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 4,70,000 பேருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸைத் தொடர்ந்த சிறுநீரக அழற்சி வருவதாகவும், அவர்களுள் சுமார் 5,000 பேர் இறப்பதாகவும், நூற்றுக்கு 97 பேர் ஏழை நாட்டவர் என்றும் 2005இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறியது. செல்வ நாடுகளில் இந்நோய் அருகிவிட்டது. அங்கே அதை அருகச் செய்ததில் மருந்துக்கு மட்டுமன்றிக் குழாய்த் தண்ணீருக்கும், நெருக்கமில்லாத படுக்கையறைக்கும் பெரும்பங்கு உண்டு.

பாலாற்றின் மீது பழியா?

நம் பகுதிக்கு வருவோம். இங்கே யாருக்குச் சிறுநீரகக் கோளாறு என்றாலும், “டேனரித் தண்ணீர்தான் காரணம்” என்ற முடிவு உடனே வந்துவிடுகின்றது. இந்தக் கோபத்துக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்து, பல மாவட்டங்களிலும் இருந்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மீண்டும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட 28 ஆண்டுகள் எவ்வாறு கழிந்தன என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

ஆயினும் ஒரு பிள்ளையின் கண்ணிமை வீங்கும்போது, ஆற்றின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு அமர்ந்திருப்பது அப்பிள்ளைக்கு உதவாது. குரோமியத்தின் நச்சு வடிவம் பேரளவில் உடலில் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது முதன்மையாகக் கெடுப்பது வடிகட்டிக்கு அடுத்துள்ள நுண்குழல்களை. திடீரென்று முகம் வீங்கி, டிக்காஷன் நிறத்தில் சிறுநீர் பிரிந்து, சில வாரங்களில் தானே தணியும் நோய் அதனால் வருவதன்று. இரண்டு தீமைகளையும் ஒன்றாகக் குழப்பினால், நீதிமன்றத்திலும் வாதம் தளரும். மருத்துவமனைக்குச் செல்லவும் காலம் தாழும்.

வேறொரு வழியில் அந்த ஆற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டென்றே நான் கருதுகின்றேன். கிணற்று நீர் கெட்ட தெருவில், குடிக்கும் நீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் வீட்டில், பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டவும் துணியையும் பாயையும் அலசவும் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும்? சிரங்கு வளர்வது அங்கேதான். பெரியவர்களுக்கும் தோலில் கதவு திறக்கின்றது. சுண்ணாம்புக் குழியிலும் குரோமியக் கரைசலிலும் நாள் முழுதும் நனையும் கைகால்களில் வெடிப்பும், ‘குரோம் புண்’ எனப்படும் ஆழ்ந்த புண்ணும் உண்டாகின்றன. கையுறையும் முழங்கால் வரை மறைக்கும் காலணியும் கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை. கொடுத்தால் அணிந்துகொள்ள வேண்டியது தொழிலாளியின் கடமை.

பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது சர்க்கரை நோயாளிகளைத் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. ஆறாத கால் புண்ணில் குடியேறும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் வேறொரு கிருமியும் இதேபோன்ற படிவுகளைச் சிறுநீரகத்தில் ஏற்படுத்துகின்றது. குழந்தைகளுக்கு வருவதுபோல் புண் ஆறிய பிறகு அன்றி, புண் இருக்கும்போதே அது வரும். குழந்தைகளைப்போல் இவர்கள் எளிதில் மீள்வதும் இல்லை. பலர்க்கு டயாலிசிஸ் வரை செல்ல நேர்கின்றது. செருப்புத் தைக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு வெறுங்காலுடன் நடக்கும் சர்க்கரை நோயாளிகளைக் காணும்போது மனம் பொறுப்பதில்லை.

வேலூரின் பங்கு

இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியே இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கி நிற்கின்றது. உயிருள்ள ஒருவர் கொடுத்த சிறுநீரகத்தை மற்றொருவர்க்குப் பொருத்தும் அறுவை மருத்துவம், 1971இல் மருத்துவர்கள் மோகன் ராவ், ஜானி ஆகியோர் பொறுப்பில் இந்தியாவிலேயே முதன்முறையாக வெற்றி பெற்றதும் இங்கேதான். வேலூரைச் சுற்றியுள்ள பள்ளிப் பிள்ளைகளின் தொண்டையில் எவ்வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வாழ்கின்றது என்பதை இக்கல்லூரியின் நுண்ணுயிரியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். பெயர்பெற்ற ஏ வகை மட்டுமன்றி, சி, ஜி வகைகளும் நம் பிள்ளைகளிடம் மிகுதியாக உள்ளன என்பதும், நலமாக ஓடியாடும் பிள்ளைகளின் தொண்டையிலும் இவை குடியிருப்பதுண்டு என்பதும் அவ்வாராய்ச்சிகளால் தெரியவந்தவை. எல்லாக் கிருமியும் சிறுநீரகத்தைத் தாக்குவதில்லை. ஒரு சில உட்பிரிவுகளுக்கே அந்தக் குணம் உண்டு.

எதிர்ப்பொருள் படியும் மற்றொரு சிறுநீரக நோயைப் பற்றியும் வேலூரில் முக்கியமான ஆராய்ச்சி நடைபெற்றுள்ளது. தொண்டை வலி வந்து ஒன்றிரண்டு நாள்களுக்குள்ளேயே சிறுநீர் சிவந்தால் அது நாம் இதுவரை பேசிய நோயாக இருத்தல் அரிது. பாரிசு நகர மருத்துவர் ழான் பெர்ஜே 1968இல் கண்டு சொன்ன ‘ஐ.ஜி.ஏ.’ சிறுநீரக நோயாக அது இருக்கலாம். ஐ.ஜி.ஏ. என்பது தொண்டை, குடல் ஆகியவற்றின் ஈரச் சுவர்களைக் காக்கும் எதிர்ப்பொருள். அது பழுதுற்ற வடிவில் உருவாகி வடிகட்டியில் படிகின்றது. ஒவ்வொரு சளிக்கும் சிறுநீர் சிவந்து, பின் தானே தெளிந்துவிடுவதால் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இது போய்விடும் நோய் அன்று. ஆண்டுக்கணக்கில் அமைதியாக அரிக்கும் நோய். இருபது, முப்பது வயதினரை மிகுதியும் பற்றுவது. 2015 முதல் 2017 வரை இந்நோயுற்ற சுமார் 200 பேரைச் சேர்த்து, அவர்களை முறையாகத் தொடர்ந்து கண்காணிக்கும் திட்டமொன்றை வேலூர் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. தெற்காசியாவில் இத்தகைய முதல் முயற்சி இதுவே. சிறுநீர் சிவந்தது தொண்டை வலியோடா, வலி போய்ப் பத்து நாள் கழித்தா என்று நீங்கள் சொல்லும் ஒரு விடை, மருத்துவர்க்குப் பல சோதனைகளுக்குச் சமம்.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

சிறுநீர் சிவந்தால் ‘சூடு’ என்று முடிவு செய்து, இளநீர், வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி என்று குடம் குடமாகக் குடிக்கச் செய்வது நம் வழக்கம். வெயிலில் அலைந்த கடுப்புக்கு அது சரி. முகம் வீங்கியிருக்கும் பிள்ளைக்கு அது கேடு. வெளியேற வழியில்லாத நீரை மேலும் மேலும் உள்ளே ஊற்றுகின்றோம், அழுத்தம் ஏறுகின்றது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குகின்றது. இளநீரிலோ பொட்டாசியம் என்னும் உப்பு மிகுதி. சிறுநீர் பிரியாத நிலையில் அது இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவர் அளந்து சொல்வார். உப்பை அறவே குறைக்கவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் விற்கும் பொரித்த நொறுக்குகள் எல்லாம் உப்பின் மறுபெயர்களே. ஆம்பூர்ப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை பிரியாணியிலிருந்து சில வாரம் விலக்கி வைப்பது எளிதன்று என்பதை அறிவேன். ஆயினும் விலக்கித்தான் ஆகவேண்டும்.

மருத்துவமனையில் செய்யும் முதற்சோதனைகள் எளியவை: சிறுநீர், இரத்த அழுத்தம், கிரியாட்டினின். கிருமி அண்மையில் வந்துபோனதைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. என்னும் சோதனையும், துணைப் புரதமான சி-3 குறைந்திருக்கின்றதா என்ற சோதனையும் நோயை உறுதிப்படுத்தும். தோல் புண்ணுக்குப் பின் வந்த நோயில் ஏ.எஸ்.ஓ. உயராமலே இருப்பதும் உண்டு. எனவே அது சரியாக இருக்கின்றதென்று நோயில்லை எனத் துணிந்துவிடலாகாது. நீரைப் பிரிக்கும் மருந்தும் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும் தருவர். மிச்சமிருக்கும் கிருமியை ஒழிக்கப் பெனிசிலின் கொடுப்பர். தொடங்கிவிட்ட அழற்சியை அது நிறுத்தாது, மற்றவர்க்குப் பரவுவதைத் தடுக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் சிறுநீர் தாராளமாகப் பிரியத் தொடங்குகின்றது, வீக்கம் வடிகின்றது. டயாலிசிஸ் தேவைப்படுவோர் சிலரே.

இதே கிருமி இதய வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலையும் உண்டாக்கும் என்பதைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்நோய் மீண்டும் மீண்டும் வரும். ஆதலால் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பல ஆண்டுகள் பெனிசிலின் ஊசி போடவேண்டும். சிறுநீரக அழற்சி ஒருவர்க்கு இரண்டாம் முறை வருவது அரிது. அத்தகைய நெடுநாள் ஊசி இதற்குத் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஊசி போடுகின்றார்களே, எங்கள் பிள்ளைக்கு ஏன் போடவில்லை என்று மருத்துவரோடு வாதாட வேண்டாம்.

சொறியை ஒழிப்பதில் பலர் செய்யும் பிழை, அரிக்கும் பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவுவது. ஒரே பாயில் படுக்கும் அனைவரும், அரிப்பு இருப்பினும் இல்லாவிடினும், ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை மருந்து பூசிக்கொண்டு, துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுமுறையும் பூச வேண்டும். தமிழர் பலரும் குடியேறிய ஃபிஜித் தீவுகளில், அரிப்பு உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் ஊரார் அனைவர்க்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தனர். நூற்றுக்கு 32 பேரிடம் இருந்த சொறி ஓராண்டில் 2 பேராகவும், சீழ்ச் சிரங்கு 25இலிருந்து 8 ஆகவும் இறங்கியதாக 2015இல் அறிவித்தனர்.

நலமடைந்து வீடு திரும்பிய பிள்ளையை மறந்துவிடாதீர்கள். சி-3 அளவு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சரியாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் வேறு நோயோ என்று ஆராயவேண்டும், ஊசியால் சிறுநீரகத் துணுக்கு எடுத்துப் பார்க்கவும் நேரலாம். கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுநீரில் இரத்தம் ஓராண்டுவரை கூடத் தென்படலாம், அதற்காக அஞ்சவேண்டியதில்லை. புரதம் நின்றுவிட்டதா, அழுத்தம் இயல்பாக உள்ளதா என்பவற்றை மருத்துவர் குறிக்கும் நாளில் சென்று பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனியில் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று தாய் தயங்குவது புரிகின்றது. அந்த நாளில் பாட்டியோ அத்தையோ அழைத்துச் செல்லலாம்; சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

அந்த வீட்டில் இன்னும் இரண்டு, மூன்று பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரே பாயில் படுத்து, ஒரே கிருமியைப் பகிர்ந்துகொண்ட அவர்களுக்கும் வீக்கம் ஏதுமின்றியே இந்நோய் வந்திருப்பதுண்டு. சிறுநீர்ச் சோதனையும் இரத்த அழுத்தமும் பார்த்தால் அது அன்றே தெரிந்துவிடும்.